நாட்டு நடப்பில் செத்தவர்

பழனியாண்டி செத்துப்போன செய்தி ராசம்மாவுக்கு வந்து சேர்ந்தபோது, பழனியாண்டி அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். செத்தவருக்கு நல்ல பசி. இரண்டு ரொட்டி முடிந்து மூன்றாவதில் கை வைத்திருந்தார்.

செய்தியைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு லோஜினி. சிரிப்பை அடக்கமாட்டாமல் போனை நீட்டினாள். தொழிற்சங்கக்காரர்கள் வெளியிட்டிருந்த அறிவித்தல் அது. சுற்றிலும் கறுப்புக் கரை, மேலே ஒரு தீபம், கீழே விலங்கை உடைக்கும் ஒரு கை. எழுபதுகளின் கடைசியில் மூணுபாலத் தோட்டத்தில் பெரியகங்காணியின் கோபத்துக்கு ஆளாகித் தீயில் வெந்து மாண்ட தியாகி பழனியாண்டிக்கு நினைவுக்கல் திரைநீக்க விழா நடக்கப்போகிறதாம். இடம், காமன் பொட்டல். ஆதாரம், அந்தக் காலத்தில் அட்டன் கல்லூரி மாணவர்கள் நடத்திய 'குறிஞ்சித் தூதன்' பத்திரிகை அஞ்சாமல் வெளியிட்ட செய்தி.

ராசம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. காலமெல்லாம் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், மண்டுத்தனத்தின் உச்சத்தைக் காணும்போது சிரிக்கும் சிரிப்பு. அந்தச் செய்தியை எழுதியவள் அவள்தான். ஆனால் அவள் எழுதியது செய்தியே இல்லை.

'குறிஞ்சித் தூதன்' என்றதும் ஏதோ பெரிய பத்திரிகை என்று நினைத்துவிட வேண்டாம். ரோனியோ மெஷினில் உருட்டிய நாலே பக்கம். தொட்டால் மை கையோடு வரும். முதல் பக்கத்தில் அதிபரின் அறிவுரை. அதை அதிபரே படித்திருப்பாரோ என்னவோ. அடுத்தது நாடகம், அதற்கடுத்தது விளையாட்டு, கடைசிப் பக்கம் நாட்டு நடப்பு. ஆசிரியர், அட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன் சுந்தரலிங்கம். தாள் அவருடைய அப்பா கடையிலிருந்து வந்ததால் ஆசிரியர் பதவிக்குப் போட்டியே இருக்கவில்லை.

விளையாட்டுப் பக்கத்தைப் படித்தால் வயிறு வலிக்கும். கல்லூரி டீம் வென்ற மெட்ச் என்று ஒன்று கிடையாது; தூதனில் தோற்ற மெட்ச் என்றும் ஒன்று கிடையாது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து நம்மவர்களைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனால், "பனிமூட்டம் செய்த சதி" என்று தலைப்பு வரும். கண் கூசுகிற மாதிரி வெயில் அடித்த நாளிலும் பனிமூட்டந்தான் சதி செய்யும். நாட்டு நடப்பு அதைவிட மோசம். கொழும்புப் பேப்பர்களில் பழசாகிப்போனதை எடுத்து எழுதி, கடைசியில் வல்லரசுகளுக்கு ஒரு எச்சரிக்கை விடுவார்கள். லயம் என்ற வரிசை வீடுகளில் கிடந்த தோட்டத்துச் சனம் கூப்பன் கடையில் மாவுக்கு வரிசையில் நின்று மயங்கி விழுந்ததைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. வல்லரசுகள் அட்டனிலிருந்து வந்த எச்சரிக்கைகளைக் கண்டு பயந்ததாகவும் தெரியவில்லை.

நாடகப் பக்கம் சுந்தரலிங்கத்தின் சொந்தப் பக்கம். வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா இருப்பார்; ராஜா சுந்தரலிங்கமாக இருப்பார். பட்டுச் சால்வை கடையிலிருந்து வரும். மறுவாரம் தூதனில் 'கலாரசிகன்' என்ற பெயரில் ஒருவர், ராஜாவின் கம்பீரத்தைக் கண்டு சபை மூச்சுவிட மறந்தது என்று எழுதுவார். அந்தக் கலாரசிகனும் சுந்தரலிங்கந்தான். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள அவருக்குக் கை நன்றாக எட்டும்.

லயத்திலிருந்து போய் அந்தப் பத்திரிகையில் எழுதிய ஒரே பெண் ராசம்மா. அவளுக்குக் கொடுத்தது வலைப்பந்துச் செய்தி. அவளுக்கோ நாடகப் பக்கத்தின் மேல்தான் ஆசை. அந்த மாசியில் ஈசனின் நெற்றிக்கண் மதனை எரிக்கும் மூணுபாலத் தோட்டத்துக் காமன் கூத்தை விடிய விடியப் பார்த்துவிட்டு, அதை ஒரு விமர்சனமாக எழுதிக்கொண்டு போனாள். மதனாக ஆடிய பழனியாண்டியின் கால் தரையில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் காலை அவள் கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருந்தாள். ஈசனாக நின்றவர் தோட்டத்துப் பெரியகங்காணி முத்துக்கருப்பன். ரதிக்குச் சேலை கட்டி ஆடியவர் அழகன். நாடகப் பக்கத்து முறைப்படி நடித்தவர் பெயரை எழுதி, வேஷத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள்.

சுந்தரலிங்கம் அதைப் படிக்கவில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு, திரை எங்கே கட்டியிருந்தார்கள் என்று கேட்டார். பொட்டலில் எதற்குத் திரை என்றாள் அவள். மைக்கறை படிந்த விரலால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவர் சொன்னதை ராசம்மா இன்றுவரை மறக்கவில்லை.

"திரை இருந்தா அது நாடகம். திரை இல்லேன்னா சும்மா கூத்து. நம்ம பேப்பர் நாடகத்துக்குத்தான் பக்கம் வச்சிருக்கு, கூத்தடிக்கிறதுக்கு இல்ல."

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. கடைசிப் பக்கத்தில் வல்லரசுகளைத் திட்டி முடித்த இடத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விழுந்துவிட்டது. அதை அடைக்க ஏதாவது வேண்டும். மேசையில் கிடந்த அவளுடைய விமர்சனத்தின் நடுவில் ஒரு துண்டை எடுத்தார். இடம் போதாது என்று அடைப்புக்குறிகளையெல்லாம் அடித்தார். இடம் முடிந்த வரியோடு முற்றுப்புள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தூதனில், நாட்டு நடப்பு என்ற தலைப்பின் கீழே, இப்படி வந்திருந்தது:

"மூணுபாலத் தோட்டம். பெரியகங்காணி முத்துக்கருப்பன் சினங்கொண்டு நோக்க, பழனியாண்டி தீயில் வெந்து சாம்பலானார். அழகன் மண்ணில் புரண்டு கதறிய கதறலில் லயமே அழுதது."

அவள் எழுதியதில் இதற்கு அடுத்த வரி, மூன்றாம் நாள் மதன் உயிரோடு எழுந்த கட்டம். அதற்குத்தான் இடமில்லாமல் போனது.

அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. லயத்தில் தூதன் படிப்பவர் கிடையாது. கல்லூரியில் படித்தவர்களுக்கு லயத்தில் யார் வெந்தால் என்ன, யார் புரண்டால் என்ன? ராசம்மா மட்டும் வயிறெரிந்துபோய்ப் பத்திரிகையைக் கொண்டுபோய்ப் பழனியாண்டியிடம் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரையே அவள் கட்டிக்கொண்டதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

காலம் ஓடிவிட்டது. சுந்தரலிங்கம் கல்விப் பணிப்பாளராகிப் பொன்னாடைகளாக வாங்கிக் குவித்து ஓய்வுபெற்றார். கல்லூரியின் நூற்றாண்டுக்குப் பழைய தூதன்களைப் புரட்டப்போய், அந்த மூன்று வரியைக் கண்டார். ஆகா, அடக்குமுறைக் காலத்தில் இப்படியொரு செய்தியை அச்சேற்றிய ஆசிரியன் யார் என்று பார்த்தால், அவரேதான்! அன்றைக்குப் படிக்காமல் போட்டது இன்றைக்கு வீரமாகத் தெரிந்தது. மேடைக்கு மேடை அதைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மேடையில் பக்கத்து நாற்காலியில் தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி இருந்தார். மற்றச் சங்கங்களுக்கெல்லாம் தியாகிகள் இருந்தார்கள். அவருடைய சங்கத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும் ஒரு வேனுந்தான் இருந்தன. வேறென்ன வேண்டும், பாத்திரத்துக்கேற்ற மூடி கிடைத்துவிட்டது.

ரொட்டி தின்று முடித்த பழனியாண்டி கைகழுவிக்கொண்டு வந்து அறிவித்தலை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். தியாகி என்ற சொல் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. காமன் பொட்டல் முழுவதும் சிமெந்து போட்டுச் சுற்றிலும் சங்கிலி கட்டப்போகிறார்கள் என்று லோஜினி சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. மாசி மூன்றாம் பிறையில் அந்தப் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவது அவருடைய கை. மதன் வேஷத்தை இளசுகளுக்கு விட்டுக்கொடுத்த பிறகும் கம்பத்தை விடவில்லை. அந்த மேட்டுத் தோட்டத்தில் ஆட இருக்கும் சமதரையும் அது ஒன்றுதான்.

"நான் செத்துட்டேன்னா செத்துட்டே போறேன் புள்ள. சிமெந்தப் போட்டுட்டா கம்பத்த எங்க ஊன்றது?" என்றார்.

ராசம்மா தோட்டக் கமிட்டிக்காரர்களிடம் போனாள். இவர் உயிரோடு இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாதா? காலையில்கூட அவரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டவர்கள். ஆனால் கணேசமூர்த்தி லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் தருவதாகச் சொல்லியிருந்தார். தகரம் வரட்டும் டீச்சர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு தகரத்துக்கு ஒரு மனிதனைச் சாகக் கொடுக்கிற கூட்டம் என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டு, மறுநாளே செத்தவரைக் கூட்டிக்கொண்டு கொட்டகலையில் பஸ் ஏறினாள்.

சுந்தரலிங்கத்தின் வீடு அதே புடவைக்கடைக்கு மேலே. சுவர் முழுக்க அவர் பொன்னாடை வாங்கும் படங்கள். கணேசமூர்த்தியும் அங்கேதான் இருந்தார், சோபாவை நிறைத்துக்கொண்டு. ராசம்மா சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் கல் நாட்டப்போகிறவர் இதோ இவர்தான், அது காமன் கூத்து, எழுதியவள் நான், அடைப்புக்குறியை அடித்தவர் நீங்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அந்தக் கல்லைத் தார் ரோட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டு பொட்டலை விட்டுவிடுங்கள், அது போதும் என்றாள்.

சுந்தரலிங்கம் பழனியாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஆள் உயிரோடு இருந்தது அவருக்குப் பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது.

"நீங்க வேற பழனியாண்டியா இருப்பீங்க. அந்தக் காலத்துல லயத்துக்கு நாலு பழனியாண்டி," என்றார்.

"எங்க லயத்துல நான் ஒருத்தன்தாங்க," என்றார் பழனியாண்டி.

கணேசமூர்த்தி குறுக்கே விழுந்தார். கல் வெட்டியாகிவிட்டது, தியாகி மாண்ட இடத்தை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் வைக்க இதென்ன கிலோமீட்டர் கல்லா? திரைநீக்கம் முடிந்ததும் மாசிக்கு முந்தியே சிமெந்து வேலை தொடங்கிவிடும். கூத்துத்தானே, அதை எங்கே வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். பழனியாண்டிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்வதாக அவர் பெரிய மனதோடு சொன்னார். தியாகியின் பெயரைக் கொண்டவர் என்ற முறையில்.

சுந்தரலிங்கத்துக்கு லேசாக உறுத்தியிருக்க வேண்டும். நூற்றாண்டுக்குத் தூதனை ஒரு சிறப்பிதழாகத் திரும்பக் கொண்டுவருகிறோம், நீங்கள் அப்போதே நாடகப் பக்கம் கேட்டீர்களே, இந்தத் தடவை அதை நீங்களே எழுதுங்கள் டீச்சர் என்றார். பசித்தவளுக்கு ஆறின தேத்தண்ணி ஊற்றுகிற தோரணையில்தான் சொன்னார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "என்னோட நடிப்பப் பத்தியும் ரெண்டு வரி போட்டா நல்லா இருக்கும்," என்றார்.

"கட்டாயம் போடுறேன் சேர்," என்றாள் ராசம்மா.

பஸ்ஸில் வரும்போது ராசம்மா, இதுகள் இரண்டும் அன்றைக்கும் படிக்கவில்லை, இன்றைக்கும் படிக்கப்போவதில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பே பிறகு அவளுக்கு ஒரு வழியைக் காட்டியது.

திரைநீக்க விழாவுக்கு நல்ல கூட்டம். கூட்டத்துக்கு வடையும் தேத்தண்ணியும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். பொட்டலின் நடுவே குழி தோண்டிக் கல்லை நிறுத்தி, அதைச் சுற்றி மஞ்சள் துணியில் ஒரு திரை கட்டியிருந்தார்கள். கயிற்றை இழுத்தவர் சுந்தரலிங்கம். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் கம்போடு சேர்ந்து வந்தது. அதன் பிறகு அவர் மைக்கைப் பிடித்தார். உயிருக்கு அஞ்சாமல் அந்தச் செய்தியை வெளியிட்டேன் என்று சொன்ன இடத்தில் கண்ணைத் துடைத்தார். கணேசமூர்த்தி தாளைப் பார்த்துச் சூளுரைத்தார். தியாகியின் ரத்தம் இந்த மண்ணில் ஊறியிருக்கிறது என்றபோது, முன்வரிசையில் இருந்த பழனியாண்டி குனிந்து மண்ணைப் பார்த்தார். ராசம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் கவனித்தாள். எழுதிய எந்த வலைப்பந்து மெட்ச்சையும் அவள் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

நாடகப் பக்கத்தை அவள் அனுப்பியபோது, மேலே பெரிய எழுத்தில் "மூணுபாலத்தில் சுந்தரலிங்கத்தின் நடிப்பு" என்று இருந்தது. பக்கத்தில் அவர் மைக் பிடித்த படம். சுந்தரலிங்கம் தலைப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். கீழே இருந்தது இது:

"சென்ற வாரம் காமன் பொட்டலில் 'கல்' என்ற புதிய நாடகம் அரங்கேறியது. கதை பழையது, கூத்திலிருந்து திருடியது. சுந்தரலிங்கம் (அஞ்சாத ஆசிரியர்) அழும் கட்டத்தில் சபையை நன்றாகச் சிரிக்கவைத்தார். ராஜா வேஷத்தில் பார்த்த அதே கம்பீரம்; சால்வைகூட மாறவில்லை. கணேசமூர்த்தி (தொழிலாளர் தோழர்) வசனத்தைப் பாடம் பண்ணவில்லை என்றாலும் தாள் அவர் கையில் நடுங்காமல் நடித்தது. தோட்டக் கமிட்டியார் (ஊர்ச்சனம்) இன்னும் வராத தகரத்தை நினைத்துக் கைதட்டினர். பழனியாண்டி (பிணம்) முன்வரிசையில் இருந்து இரண்டு வடை தின்றார். அவருக்கு வசனமே கொடுக்காதது இயக்குநரின் குறை. பின்குறிப்பு: இந்தப் பத்திரிகை முன்பு வெட்டிவிட்ட வரியையும் சேர்த்துப் படிக்கவும். மூன்றாம் நாள் மதன் உயிரோடு எழுந்தான்."

நூற்றாண்டு விழா மண்டபத்தில் ஆளுக்கொரு தூதன் கொடுத்தார்கள். சுந்தரலிங்கத்தின் பேச்சு நடக்கும்போதே ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் வேறு மூலையில். தன் நகைச்சுவையைத்தான் ரசிக்கிறார்கள் என்று நினைத்து அவர் பேச்சை இன்னும் நீட்டினாராம். அந்த வாரமே நாடகப் பக்கம் போனுக்குப் போன் பறந்தது. பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சத்தமாக வாசித்ததாக லோஜினி வந்து சொன்னாள். கணேசமூர்த்தி எங்கே போனாலும், "பொணம் சௌக்கியமா தலைவரே?" என்று விசாரித்தார்கள். மற்றச் சங்கக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும், பொங்கல் மறுபடி வந்த மாதிரி.

சிமெந்து மூட்டை ஏற்றி வந்த லொறி பாதியிலேயே திரும்பியது. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் சங்கத்து வேன் வந்தது. நாலு பேர் கல்லைப் பிடுங்கி ஏற்றினார்கள். கல்லில் எழுத்துப்பிழை இருப்பதாகவும் திருத்தப் போவதாகவும் சொன்னார்கள். பிழை எழுத்தில் இல்லை என்று ராசம்மா அவர்களுக்கு விளக்கப் போகவில்லை. கமிட்டிக்காரர்கள் தகரத்தைப் பற்றிக் கேட்டபோது வேன்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். வேண்டும் இவர்களுக்கு.

மூன்றாம் பிறை அன்று பொழுது சாயும் நேரத்தில் பழனியாண்டி கையில் காப்புக் கட்டிக்கொண்டு, கரும்பும் ஆமணக்கும் வைக்கோல் புரியும் சுற்றிய கம்பத்தோடு பொட்டலுக்கு வந்தார். கல் இருந்த குழி அப்படியே கிடந்தது. எட்டிப் பார்த்து, "தோண்டுற வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்துட்டாங்க," என்று கம்பத்தை அதிலேயே இறக்கினார். இளசுகள் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள்.

ராசம்மாவின் போன் அப்போதுதான் அடித்தது. சுந்தரலிங்கம். பேச்சிலேயே மூச்சு வாங்கியது. பக்கம் கொடுத்ததற்கு இதுதான் நன்றியா, இத்தனை வருடப் பெயரை ஒரு பக்கத்தில் நாறடித்துவிட்டீர்களே என்று தொடங்கிக் கத்தினார். தப்படிக்கும் மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது ஒரு பொதுநிகழ்ச்சி டீச்சர். நாட்டு நடப்பு. அதக் கொண்டுபோய் நாடகப் பக்கத்துல போட்டிருக்கீங்களே, உங்களுக்கு ஒரு முறை தெரிய வேணாமா?"

"முறைப்படிதானே போட்டேன் சேர்," என்றாள் ராசம்மா. "மஞ்சத் திரை கட்டியிருந்துச்சே. கயித்த இழுத்தது நீங்கதானே?"